கெண்டைக்கால் நிறுத்தம்

பாட்டில் தொழிற்சாலையில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். உலையில் வார்த்த பாட்டில்கள் நீளமான சூட்டறை வழியாக மெல்ல மெல்ல ஆறி, சங்கிலிப் பட்டையில் வரிசை கட்டி வந்து, கடைசியாக ஒரு வெள்ளை வெளிச்சப் பலகையைக் கடந்து போகும். அந்தப் பலகைக்கு எதிரே உயரமான நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். கழுத்தில் மயிரிழை விரிசல், அடியில் கடுகளவு குமிழ், வயிற்றுப் பக்கம் கண்ணாடி மெலிந்திருப்பது, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கை தானாகப் போய்க் கழுத்தைப் பிடித்து எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போடும். தொட்டியில் விழுந்தது நொறுங்கித் திரும்ப உலைக்கே போய்விடும்.

அரை மணிக்கு ஒரு தரம் ஆள் மாற வேண்டும் என்பது அங்கே விதி. அதற்கு மேல் உட்கார்ந்தால் கண் பார்க்கும், மனசு பார்க்காது.

பதினொரு வருஷமாக அந்த நாற்காலி. வீட்டில் தண்ணீர் குடிக்க டம்ளர் எடுத்தால் முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பாள். மழைக்காலத்தில் காலை வேலைக்கு வரும்போது தொழிற்சாலை வாசலில் பனி மூட்டமாக இருக்கும். உள்ளே நுழைந்தால் உலையின் வெக்கை முகத்தில் அடிக்கும். இரண்டுக்கும் நடுவே அந்த வெள்ளை வெளிச்சத்தில் பாட்டில்கள் தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். சில நாள் அவளுக்கே, தான் உட்கார்ந்திருக்கிறோமா, தானும் மிதந்து போகிறோமா என்று குழப்பமாக இருக்கும்.

அவளுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் மேஸ்திரி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொட்டி ததும்பத் ததும்ப நிறைந்து கிடந்தது. அவர் குனிந்து, உடையாமல் மேலாகக் கிடந்த ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"ஏம்மா பூதக்கண்ணாடி, இதுல என்ன குறை?"

அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியலைங்க."

"தெரியாமலா தூக்கிப் போட்டே?"

"அப்ப தெரிஞ்சுது."

அவர் இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதிலும் இல்லை. அன்று காலையிலிருந்து அவள் கழித்துப் போட்டதில் பாதிக்கு மேல் நல்ல பாட்டில்கள். அவர் கோபப்படவில்லை. இரண்டு பெண்ணைப் பெற்றவர். அவள் முகத்தையும் வயிற்றையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"ராத்திரி தூங்கறியா?"

"படுக்கிறேன்."

"நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டரைப் பாரு. கண் டாக்டரை இல்லே" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது. வயிற்றில் ஏழாம் மாதம் தொடங்கிப் பதினோராம் நாள் அது. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது திடீரென்று ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனது, விளக்குகள் தலைக்கு மேலே ஓடியது, யாரோ முகமூடி வைத்தது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்போது அந்தத் தேதி நெருங்க நெருங்க அவளுக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. வயிற்றில் ஓர் அசைவு வந்தால் எண்ணுவாள். வராவிட்டால் அதையும் எண்ணுவாள். பஸ்ஸில் எண்ணினாள், சோற்றுத் தட்டுக்கு முன்னால் எண்ணினாள், குளிக்கும்போது எண்ணினாள். நெஞ்சு படபடவென்று அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், சாப்பாடு இறங்காது. எட்டு நாளில் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்க் குழந்தையின் துடிப்பைக் கேட்டுவிட்டு வந்தாள். கேட்ட பிறகு வாசல்படி இறங்கும் வரைக்கும் நிம்மதி இருக்கும். தெருவுக்கு வந்ததும், இப்போது எப்படி இருக்கிறதோ என்று மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

டாக்டர் நடு வயதுப் பெண். ரத்த அழுத்தம் பார்த்தார், கொஞ்சம் ஏறியிருந்தது. ஸ்கேன் பார்த்தார்; குழந்தை நன்றாக இருந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க குழந்தைக்கு ஒரு குறையும் இல்லைம்மா. உங்களுக்கு வந்திருக்கிறது பயம்."

"பயம்தானே டாக்டர், அடங்கிடும்."

"தானா அடங்கற அளவுல இல்லை. இதுக்கும் வைத்தியம் உண்டு. மாத்திரையும் இருக்கு, தேவைப்பட்டா அதையும் யோசிப்போம், வெட்கப்படறதுக்கு ஒண்ணும் இல்லை. முதல்ல மாத்திரை இல்லாம பார்க்கலாம். மூணாவது மாடியில செவ்வாய்க்கிழமை ஒரு வகுப்பு நடக்குது. மூச்சு, உடம்பைத் தளர்த்தறது, அப்புறம் கொஞ்சம் சும்மா படுத்திருக்கறது."

"சும்மா படுத்திருக்கவா வகுப்பு?"

"அதுதான் உங்களுக்கு வர மாட்டேங்குதே" என்றார் டாக்டர்.

மூன்றாவது மாடியில் அந்த அறை முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கிற இடமாக இருந்தது. இப்போதும் வெந்நீரில் அலசிக் காயவைத்த துணியின் வாசனை சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. தரையில் ஆறு பாய்மெத்தைகள். மேற்கே பெரிய ஜன்னல். வெள்ளைத் திரையை இழுத்துவிட்டால் அறை முழுக்கப் பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். சொல்லித் தருகிறவரை எல்லோரும் மூச்சு டீச்சர் என்றார்கள். மூச்சு சொல்லித் தருகிற அந்தம்மாவுக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. "இப்போ மூக்கு வழியா நிதானமா இழுங்க" என்று அவர் மூக்கடைத்த குரலில் சொல்லும்போது முதல் தடவை வந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். "சிரிங்க, சிரிங்க. சிரிச்சாலும் மூச்சு வெளியேதான் போகும்" என்பார்.

இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து எல்லோரும் படுத்தார்கள். பக்கத்தில் படுத்திருந்தவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள், வயிற்றில் இரட்டை. "கையை இறுக்கி மூடுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்ப விடுங்க" என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் அவள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். இவளுக்குப் பொறாமையாக இருந்தது.

இவள் கையை இறுக்கினாள், விட்டாள். சரியாக இறுக்கினோமா? முழுசாக விட்டோமா? சுண்டு விரல் இன்னும் மடங்கித்தானே இருக்கிறது? பாதத்தை இறுக்கச் சொன்னால் தாடை சேர்ந்து இறுகியது. தாடையைத் தளர்த்தினால் புருவம் சுருங்கியது. இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்றார்கள். இவள் விடுகிற மூச்சை அளந்து பார்த்து, நீளம் போதவில்லை என்று தள்ளிவிட்டு, அடுத்த மூச்சை அளந்தாள்.

"இப்போ உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்தை நினைச்சுக்குங்க" என்றார் டீச்சர். "அங்கேயே கொஞ்ச நேரம் இருங்க."

முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தி கடற்கரைக்குப் போனாளாம். ஒருத்தி தன் அம்மா வீட்டுத் தோட்டத்துக்கு. பேக்கரிக்காரி, "நான் எங்கேயும் போகலைங்க, இங்கேதான் தூங்கிட்டேன்" என்றாள்.

"நீங்கம்மா?"

"எனக்கு பாட்டில்தான் வந்துது" என்றாள் இவள். "வேலை செய்யற இடத்துல வர பாட்டில்."

"வந்தா வரட்டுமே. அதுங்களை என்ன பண்ணீங்க?"

"குறை பார்த்தேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த தடவை வந்தா எடுக்காதீங்க. போக விடுங்க. குறை இருக்கறதும் போகட்டும்."

"எப்படிங்க போக விடறது? அதுதானே என் வேலை."

"இங்கே உங்களுக்கு வேலை இல்லைம்மா. இங்கே லீவு."

அவள் சரியென்று தலையாட்டினாள். ஆனால் படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது, தன்னால் ஆகாது என்று. டீச்சர் கொடுத்த அச்சடித்த தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீடு ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. மத்தியான வேளையில் கீழே தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் தரை வழியாக ஏறி வந்து, உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அந்த வீட்டில் மூன்று பேர். புருஷன் லிப்ட் ரிப்பேர் செய்கிறவன்; நகரத்தில் எந்த உயரமான கட்டடத்தைக் காட்டினாலும் அதன் உள்வயிறு எனக்குத் தெரியும் என்பான். மூன்றாவது ஆள் நாத்தனார், அவனுடைய அக்கா. பஸ் கண்டக்டர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருபது வருஷமாக டிக்கெட் கிழிக்கிறவள். எண்பது பேர் நெருக்கியடிக்கிற பஸ்ஸில் கடைசிச் சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். வீட்டிலும் அதே குரல்தான்; உப்பு எங்கே என்று கேட்டால் கீழே தையல்காரர் பதில் சொல்லுவார்.

அன்று நாத்தனார் காலை ஷிப்டு முடித்து வந்து, யூனிபார்ம் சட்டையோடு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வகுப்பு எப்படி?"

"எனக்கு இதெல்லாம் வராது அண்ணி."

"என்ன வராது?"

"தளர்றது."

"அது என்ன பரதநாட்டியமா, வராதுன்னு சொல்ல? தாளைக் கொடு பார்க்கலாம்."

வாங்கிப் படித்தாள். படிக்கும்போது உதடு அசைந்தது. இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"இதுல என்னடி இருக்கு? பாதத்துல ஆரம்பிச்சு தலை வரைக்கும் ஒவ்வொரு இடமா இறுக்கணும், விடணும். என் ரூட்டு மாதிரிதான் இருக்கு. போய்ப் படு."

"இப்பவா?"

"இப்பதான் பஸ்சு கிளம்புது."

அவள் உள்ளறையில் போய் ஒருக்களித்துப் படுத்தாள். நாத்தனார் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளை டிக்கெட் புத்தகம் மாதிரி பிடித்துக்கொண்டாள். ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கியது. கீழே மெஷின்கள்.

"ரைட், போலாம். முதல் நிறுத்தம் பாதம். பாதம் எல்லாம் நல்லா இறுக்கிப் பிடிங்க. பிடிச்சாச்சா? ம், இறங்குங்க. பாதம் இறங்கியாச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"டிக்கெட் எடுத்தவங்க சிரிக்கலாம், பரவாயில்லை. அடுத்தது கெண்டைக்கால். கெண்டைக்கால் நிறுத்தம். இறங்கறவங்க முன்னாடி வாங்க. இறுக்கிப் பிடி. இன்னும். இப்ப விடு. யாரும் தொங்கிக்கிட்டு நிக்காதீங்க, இறங்குங்க."

"அண்ணி, டாக்டர் கெண்டைக்காலை ரொம்ப இறுக்க வேண்டாம்னாங்க, பிடிச்சுக்குமாம்."

"சரி, அப்ப அங்கே லேசா பிரேக் அடிச்சுட்டுப் போயிடலாம். அடுத்தது தொடை. பெரிய நிறுத்தம். கூட்டம் ஜாஸ்தி."

தொடைக்கும் இடுப்புக்கும் நடுவே எங்கேயோ நாத்தனாரின் குரல் தணிய ஆரம்பித்தது. கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் பஸ் காலியாகும்போது அவள் குரல் அப்படித்தான் தணியும் போலிருக்கிறது. "வயிறு. இது ரிசர்வ் சீட்டு. இங்கே யாரையும் ஒண்ணும் பண்ண வேண்டாம். அப்படியே விட்டுட்டுப் போறோம். நெஞ்சு. தோள்பட்டை. ரெண்டு தோள்லயும் எவ்வளவு நேரமா மூட்டையை வெச்சுக்கிட்டு நிக்கறே, கீழே வையேன்."

தோளில் இருந்தது எதுவோ, அவள் கீழே வைத்தாள். வைத்தது சரியாக வைத்தோமா என்று பார்க்க நினைத்தாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. வெள்ளைத் திரைக்கு அப்பால் பாட்டில்கள் வந்தன. கழுத்தில் விரிசல் உள்ளது ஒன்று போனது. அடியில் குமிழ் உள்ளது ஒன்று போனது. அவள் கை தலையணையோரம் மல்லாந்து கிடந்தது. தையல் மெஷினும் மூச்சும் ஒன்றாகக் கேட்டன.

கண் விழித்தபோது வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறாள். நாற்காலியில் நாத்தனாரும் தாளை மடியில் போட்டுக்கொண்டு வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் குழந்தை நிதானமாக ஒரு தரம் புரண்டது. அதை எண்ணவில்லை என்பது அவளுக்கு ரொட்டி சுடும்போதுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு அந்த பஸ் கிளம்பியது. செவ்வாய்க்கிழமை வகுப்பிலும் பரவாயில்லாமல் படுக்க வந்தது. டீச்சரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே வெகுநேரம் சிரித்தார். "உங்க நாத்தனாரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. எனக்கும் யாராவது டிக்கெட் கொடுத்தா நல்லா இருக்கும்" என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார். ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரத்தைப் பயப்படுவதற்கென்று ஒதுக்கி, மற்ற நேரத்தில் பயம் வந்தால் "ஆறு மணிக்கு வா" என்று சொல்லச் சொன்னார். ஆறு மணிக்குச் சில நாள் பயம் வந்தது. சில நாள் அவள் நடைக்குப் போய்விட்டிருந்தாள்.

ஏழாம் மாதத்தின் பதினோராம் நாள் வந்தது. தொழிற்சாலையில் அரை மணி முடிந்து எழுந்தபோது தொட்டியில் எட்டு பாட்டில்கள்தான் கிடந்தன. எட்டிலும் குறை இருந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ரத்த அழுத்தம் பார்த்தபோது முன்பைவிட இறங்கியிருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அது நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளாமல், வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி ஆகியிருந்தது.

புருஷன் மட்டும் அந்த நாலு மணி அறைக்குள் வந்ததில்லை. சீக்கிரம் வீடு திரும்புகிற நாட்களில் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பான்.

"நீயும் வந்து படுடா, ரெண்டாவது டிக்கெட் பாதி விலை" என்பாள் நாத்தனார்.

"எனக்கு எதுக்குக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பான். பிறகு சமையலறைக்குப் போய், நன்றாக ஓடுகிற குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் அவன் கழற்றி மாட்டாத பொருள் இல்லை.

எட்டாம் மாதம் நடுவில் ஒரு மழை நாள். தொழிற்சாலைக் கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. பதினொரு மணிக்கு ஓய்வறைக்குப் போய் ரொட்டியும் முட்டையும் தின்னும்போது அவளுக்கு உறைத்தது, காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. அவள் இனிப்பான தேநீர் குடித்தாள். இடது பக்கமாகப் படுத்தாள். கையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாள். லேசாக ஒரு நெளிவு. அவ்வளவுதான். டீச்சரும் டாக்டரும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்: மூச்சு, தளர்வு எல்லாம் பயத்துக்குத்தான், அசைவு குறைந்தால் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே கிளம்பி வர வேண்டும்.

அவள் எழுந்து முகம் கழுவினாள். மேஸ்திரியிடம் சொன்னாள். புருஷனுக்குப் போன் செய்தாள். அவன் ஒரு கட்டடத்தில் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே லிப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டிருந்தான்.

"அசைவு கம்மியா இருக்கு. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன். நீங்க பார்த்து இறங்கி வாங்க" என்றாள். தன் குரல் இப்படி நிதானமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டை கட்டி, மெஷினை ஓடவிட்டார்கள். குழந்தையின் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது, தூரத்தில் யாரோ ஈரமணலில் ஓடுகிற மாதிரி. காகிதத்தில் முள் கோடு போட்டுக்கொண்டே போனது. அந்தக் கோடு அதிகம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"துடிப்பு இருக்கு. குழந்தை தூங்குதுன்னு நினைக்கிறேன்" என்றாள் நர்ஸ். "நாற்பது நிமிஷம் பார்ப்போம். கோடு இப்படியே போச்சுன்னா டாக்டர் முடிவு எடுப்பாங்க."

நர்ஸ் வெளியே போகவும் அவன் உள்ளே வரவும் சரியாக இருந்தது. மழையில் நனைந்து, முழங்கை வரைக்கும் கிரீஸ் அப்பிய கையோடு வந்து நின்றான். காகிதத்தைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், மெஷினுக்குப் பின்னால் போய் ஒயர்களைப் பார்த்தான். அதைக் கழற்றிவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"உட்காருங்க."

"நான் நின்னுக்கறேன்."

"ஏங்க, உட்காருங்க."

உட்கார்ந்தான். மூச்சு குட்டை குட்டையாக வந்தது. உதடு வெளுத்திருந்தது. அவள் எண்ணத்தில் வயிறும் கோடும்தான் இருந்தன. இப்போது அவற்றோடு இவனும் சேர்ந்துகொண்டான். அவள் படுத்தபடியே கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னோட சேர்ந்து மூச்சு விடுங்க. இழுங்க, நாலு எண்ணறேன். இப்ப மெல்ல விடுங்க. ஊதற மாதிரி. அவசரமே இல்லை."

அவன் முயற்சி செய்தான். இருமினான். மறுபடியும் முயற்சி செய்தான்.

"இப்ப ரெண்டு கையையும் இறுக்கி மூடுங்க. நல்லா. இன்னும். சரி, விடுங்க."

அவன் விடவில்லை. கிரீஸ் படிந்த இரண்டு முஷ்டியும் மடியில் அப்படியே இருந்தன.

"விடுங்க."

"விட முடியலை" என்றான்.

"ஏன்?"

அவன் தன் முஷ்டிகளையே பார்த்தான். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு இந்தக் கையிலதான் வெச்சிருந்தேன்" என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"உனக்கு உள்ளே ரத்தம் நிக்கலை. எல்லாரும் உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒரு நர்சம்மா வெளியே வந்து, குழந்தையைப் பார்க்கறீங்களான்னு கேட்டாங்க. துணியில சுத்திக் கொடுத்தாங்க. எவ்வளவு நேரம் வெச்சிருந்தேன்னு தெரியலை. திரும்பக் கேட்டாங்க, கொடுத்துட்டேன். கொடுத்திருக்கக் கூடாது. நீ எழுந்து பார்க்கற வரைக்கும் வெச்சிருந்திருக்கணும்."

"பொண்ணுதானே?"

"பொண்ணு. உங்கிட்ட யாரும் சொல்லலையா?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில கொடுத்த காகிதத்துல பார்த்தேன்." அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். "எப்படி இருந்தா?"

"சின்னதா. என் உள்ளங்கையிலேருந்து இதோ முழங்கை வரைக்கும். கண்ணு மூடியிருந்துச்சு. மூக்கு உன்னது மாதிரி. முடி மட்டும் நிறைய. அவ்வளவு சின்னத் தலைக்கு அவ்வளவு முடி. கருகருன்னு, ஈரமா ஒட்டிக்கிட்டு. நான் விரலால ஒதுக்கிவிட்டேன்."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்க இறங்க அழுதாள். இந்த இரண்டு வருஷமும் அந்தக் குழந்தைக்கு முகம் இல்லாமல் இருந்தது. அதனால்தான் அது எல்லா இடத்திலும் இருந்தது.

"ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

"நீ கேட்கவே இல்லையே. கேட்டா உனக்குத் தாங்காதுன்னு நினைச்சேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்."

பிறகு அவள் கேட்டாள், இமை எப்படி இருந்தது, நகம் இருந்ததா, துணி என்ன நிறம் என்று. அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒன்றையும் மறந்திருக்கவில்லை. சொல்லச் சொல்ல அவன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவன் அதைக் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். ஜன்னலில் மழை தணிந்து, கண்ணாடியில் தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அறை தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் அழுத முகம் அவளுக்கு ரொம்ப இளசாகத் தெரிந்தது.

நர்ஸ் வந்து பழச்சாறு கொடுத்தாள். வயிற்றை ஒரு பக்கமாக லேசாகத் தட்டிக்கொடுத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. திடீரென்று வயிற்றின் வலது பக்கம் மேடிட்டது. முள் துள்ளி ஏறியது. ஓட்டம் வேகமெடுத்தது. மறுபடியும் ஓர் உதை.

"எழுந்தாச்சு பாருங்க" என்றாள் நர்ஸ், காகிதத்தைக் கிழித்தபடி. "நல்ல தூக்கம் போல. டாக்டர் ஒரு தரம் பார்க்கட்டும், அப்புறம் வீட்டுக்குப் போகலாம்."

டாக்டர் வந்து பார்த்து, ஸ்கேனும் பார்த்து, சரி என்றார். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார். கைகழுவும் தொட்டியில் அவன் சோப்புப் போட்டுக் கிரீஸைத் தேய்த்துக் கழுவுகிற வரைக்கும் அவள் வாசலில் காத்திருந்தாள். பிறகு இருவரும் ஈரமான தெருவில் பஸ் நிறுத்தம் வரைக்கும் மெதுவாக நடந்தார்கள். அவன் இன்னும் சொல்லிக்கொண்டே வந்தான்.

மறுநாள் நாலு மணிக்கு அவனாகவே உள்ளறைக்கு வந்து, தரையில் ஒரு போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டான். நாத்தனார் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். கிண்டல் செய்யப் போகிறாள் என்று அவள் நினைத்தாள். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ரைட், போலாம்" என்றாள், மெதுவாக.

ஐந்து வாரம் கழித்து, மேகமில்லாத ஒரு முற்பகலில் அவளுக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. எடை இரண்டே முக்கால் கிலோ. வலியின் நடுவே மூச்செல்லாம் கற்றுக்கொண்டபடியா வந்தது என்று கேட்டால், பாதி வந்தது, பாதி மறந்துபோனது. மறந்த இடத்தில் கத்தினாள். மூச்சு டீச்சர் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கத்தினாலும் மூச்சு வெளியேதான் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்; பிறகு நாத்தனார் சொல்லித்தான் தெரியும்.

குழந்தையைத் துடைத்துச் சுற்றி அவள் மார்பில் வைத்தார்கள். அவள் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க வாங்கிக்குங்க" என்று அவனிடம் நீட்டினாள். அவன் கையைச் சட்டையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் நின்றான். குழந்தையின் தலை வழவழவென்று இருந்தது. அங்கங்கே பூனைமயிர் போல ஏதோ இரண்டு இழை.

அவன் குனிந்து அந்தத் தலையில் விரலை வைத்தான்.

"உனக்கு முடியே இல்லையேடா செல்லம்" என்றான். "உங்க அக்காவுக்கு நிறைய இருந்துச்சு."

கட்டிலில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.